தீ மணிக்கு எழும்பாத கூட்டம்

போன மாதம் எங்கள் தீயணைப்புத் துறையில் புதிதாகப் பொறுப்பேற்ற நிலைய அலுவலர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். நல்ல பிள்ளை. உட்கார்ந்ததும் செல்போனை நீட்டி ஒரு கல்யாண மண்டபத்தின் கதவுகளைக் காட்டினார். இப்போது முக்கால்வாசி வேலை படத்திலேயே முடிந்துவிடுகிறதாம். கதவைப் படம் பிடி, மணல் வாளியைப் படம் பிடி, அனுப்பு, தீர்ந்தது.

"கதவு படத்துல லட்சணமாத்தான் இருக்கு. தொறக்குமா?" என்று கேட்டேன்.

சிரித்தார். பிறகு, "உங்க சர்வீஸ்ல ரொம்பப் பாடாப் படுத்துன கேஸ் எது சார்?" என்றார். வாழைத்தார் கிடங்கு எரிந்ததையோ, கிணற்றில் பஸ் விழுந்ததையோ சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. "ஒரு கச்சேரி" என்றேன். கிழவனுக்கு நட்டு கழன்றுவிட்டது என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆகவே இதை எழுத வேண்டியதாயிற்று.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கயிறு ஏறினேன், ஏணி ஏறினேன், ஆள் கனத்துக்கு ஒரு மணல் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மூட்டைக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. மூட்டை பேசாது. வேலைக்கு வந்து முதல் முதலாக நான் கிணற்றிலிருந்து தூக்கிய நாங்குநேரிக்காரர், மேலே வரும் வரைக்கும் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தார். மேலே வந்ததும் செருப்பு ஒன்று உள்ளேயே கிடக்கிறது, எடுத்துத் தா என்றார். இந்தத் தொழிலில் தீயைச் சமாளிப்பது சுலபம், ஆட்களைச் சமாளிப்பதுதான் பாடு.

அதை முழுசாகப் புரிந்துவைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் கோட்ட அலுவலர் ஞானதுரை ஐயா. நாசரேத் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட உடுப்பு, சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. நாங்கள் பல பேர் அவரைச் சிரிக்கவைக்க முயற்சி செய்து தோற்றிருக்கிறோம்.

ஒரு மண்டபத்துக்குத் தடையின்மைச் சான்று கொடுக்க அவர் பரிசோதனைக்குப் போவதே ஒரு காட்சி. முதலாளி நீட்டும் கலர் சோடாவைத் தொட மாட்டார். உள்ளே போய், வாசலுக்கு எட்டாத மோசமான நாற்காலி எது என்று பார்த்து அதில் உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். புகை நிறைந்த இடத்தில் கண் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்பது அவர் கட்சி. அப்படியே எழுந்து, குனிந்தபடி சுவரை நோக்கிப் போய், இடது புறங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே நடப்பார். கதவு தட்டுப்பட்டதும் முதலில் புறங்கையைப் பலகையில் வைத்துச் சூடு பார்ப்பார். "உள்ளங்கை வெந்தா வேலைக்கு ஆகாது. புறங்கை வெந்தாப் பரவாயில்ல" என்பார். பிறகு தோளால் ஒரு தள்ளு. கதவு திறந்தால் கண்ணைத் திறப்பார். திறக்காவிட்டால் கண்ணை மூடியபடியே அங்கேயே நிற்பார், முதலாளிக்கு வெட்கம் வரும் வரைக்கும். ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படிப் போய், வழியில் அடுக்கியிருந்த சாம்பார் அண்டாவில் முட்டினார். கண்ணைத் திறக்கவில்லை. அண்டாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவரு யாரு, மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டார். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். அவர் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் ஆவுடையப்பன் அண்ணாச்சி வந்து மாட்டினார்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. திருநெல்வேலி டவுனிலிருந்து குறுக்குத்துறைக்குப் போகும் வழியில் அவருக்கு ஒரு பழைய ரைஸ் மில் இருந்தது. மில் நின்று பல வருஷம் ஆகிவிட்டது. தம்பி அதை உரக் கிடங்குக்கு வாடகைக்கு விடலாம் என்றார். அண்ணாச்சிக்கோ பாட்டுப் பைத்தியம். நெல்லைச் சீமையில் கச்சேரி கேட்க ஒரு நல்ல இடம் இல்லை, கல்யாண மண்டபத்தில் பந்தி வாசனையோடு கேட்க வேண்டியிருக்கிறது என்று மனம் நொந்து, மில்லையே கலையரங்கமாக மாற்றிக்கொண்டிருந்தார். தை முதல் வெள்ளிக்கிழமைக்குள் திறந்தால் அரங்கம், இல்லாவிட்டால் சாவி தம்பி கைக்கு என்று குடும்பத்தில் பேச்சு.

அண்ணாச்சிக்குப் பக்கபலமாகப் பெரிய கலைஞர்களே வந்து நின்றார்கள். பாடகி பங்கஜவல்லி அம்மாள், அவர் குரல் ரேடியோவில் வந்தால் தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள், திறப்பு விழாவுக்குச் சன்மானம் வேண்டாம், நானே வந்து பாடுகிறேன் என்றார். மிருதங்க வித்துவான் கோமதிநாயகம் நம் தாமிரபரணிக்காரர், சென்னை போய்ப் பெரிய பெயர் எடுத்தவர். நம்ம ஊரில் ஒரு அரங்கம் வருகிறது என்றால் நான் இல்லாமலா என்று அவரும் சேர்ந்துகொண்டார். மார்கழிக் கச்சேரிகள் முடிந்த கையோடு அந்த ஒரு வாரம்தான் இருவருக்கும் தோது. அதை விட்டால் வெளிநாட்டுப் பயணம், பிறகு அடுத்த வருஷம்தான்.

எல்லாம் சரி. எங்கள் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது, உரிமம் இல்லாமல் திறக்க முடியாது. ஐயாவோ முதல் தடவை வந்தபோதே உத்தரத்தில் விரலை ஓட்டி, ஒட்டிய உமித்தூசியை ஒரு காகிதத்தில் கொட்டி, வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சியை வைத்தார். குப்பென்று போனது. "அண்ணாச்சி, மேல ஒரு வெடி மருந்துக் கிடங்கே வச்சிருக்கிய" என்றார். ஓடு வரைக்கும் சுரண்டிக் கழுவினார்கள். இரண்டாம் தடவை, அண்ணாச்சி ஆசையாக வாங்கித் தொங்கவிட்டிருந்த சிவப்பு வெல்வெட் திரையின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அதையும் எரித்துப் பார்த்தார். அண்ணாச்சி கண்ணில் நீர் வந்துவிட்டது. திரையைப் படிகாரமும் வெங்காரமும் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயவைத்தார்கள். மூன்றாம் தடவை, உள்பக்கம் திறந்த கதவுகளை எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி முடித்திருந்தார்கள். ஐயா கண்ணை மூடி நடந்தார். மூன்று கதவும் தோள் பட்டதும் திறந்தன.

அண்ணாச்சி மூச்சு விட்டார். அவசரப்பட்டுவிட்டார்.

"கட்டடம் சரிதான்" என்றார் ஐயா. "ஆனா கட்டடத்துக்குச் சான்று குடுக்கது லேசு. உள்ள இருக்க ஆளுக்குல்லா குடுக்கணும். நாற்காலி நெறைய ஆளை உக்கார வையும். முத்தையா மணி அடிப்பாரு. எத்தனை நேரத்துல வெளிய வாராவன்னு பாக்கணும்."

முத்தையா என்பது நான்தான்.

தீ விபத்து ஒத்திகை, அனைவரும் வருக என்று அண்ணாச்சி தெருமுனையில் பலகை எழுதிவைத்தார். ஓய்வுபெற்ற வாத்தியார்கள் நாலைந்து பேர் வந்தார்கள், காபி உண்டா என்று கேட்டார்கள், இல்லை என்றதும் போய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி காலி நாற்காலிகளுக்கு நடுவில் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். நெல்லையப்பரைக் கும்பிடலாம் என்று மூன்று நாள் முன்னாடியே வந்திருந்த பங்கஜவல்லி அம்மாள் இடத்தைப் பார்க்க உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"ஆள்தானே வேணும்? நாளைக்கு நான் பாடறேன்னு சொல்லுங்க. வருவாங்க" என்றார்.

ஐயாவிடம் கேட்டேன். "பாட்டோ பஜனையோ, நாற்காலி நெறஞ்சாச் சரி" என்றார்.

புதன்கிழமை நாற்காலி நிறைந்து, சுவரோரமும் நின்றார்கள். எங்கள் வண்டி வெளியே தயாராக நின்றது. அண்ணாச்சி மேடையேறி, இது ஒத்திகை, மணி அடித்ததும் எல்லாரும் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போக வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார். எல்லாரும் கோவில் மாடு மாதிரித் தலையை ஆட்டினார்கள். அன்று காலையே வந்து சேர்ந்திருந்த கோமதிநாயகம் பக்கத்தில் மிருதங்கத்தோடு உட்கார, அம்மாள் தோடி ராகத்தை எடுத்தார். எனக்குச் சங்கீதம் தெரியாது, எனக்கே முதுகில் என்னவோ ஊர்ந்தது. ஐயா கண்ணைக் காட்டினார். நான் மணியை ஓங்கி அடித்தேன்.

ஒரு ஆள் எழும்பவில்லை.

மறுபடி அடித்தேன். முன் வரிசையில் விபூதி பூசிய ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற தாசில்தார் என்று பிறகு தெரிந்தது, திரும்பி என்னைப் பார்த்து, "ஏலே, அந்தச் சனியன நிறுத்துலே. அம்மா தைவதத்துல நிக்காவ" என்றார். உடுப்பு போட்ட என்னை லே என்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "தீ பிடிச்சிட்டு பெரியவரே, எந்திரிங்க" என்றேன்.

"பிடிச்சாப் புகை வரும்லா. வரட்டும், பாத்துக்கிடுவோம்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அதற்குப் பின் வரிசையில் ஒரு அம்மா, "பைய அடிங்க சார், தாளம் தப்புது" என்றார்.

மணிக்கயிற்றை விட்டேன். மானம் போயிற்று. அம்மாள் பாட்டை முடித்ததும் கைதட்டல் ஓட்டைப் பிய்த்தது. ஐயா ஸ்டாப் வாட்ச்சைப் பையில் போட்டார்.

"உசிரைவிடப் பாட்டுப் பெருசுன்னு உக்காந்திருக்க கூட்டத்துக்கு நான் எப்படிச் சான்று குடுக்க?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஆட்கள் போன பிறகு, மில்லின் பின்பக்கம் நெல் காயப்போடும் களத்தில் நாங்கள் நாலைந்து பேர் நின்றோம். அண்ணாச்சி மடியிலிருந்து சாவியை எடுத்தார். "தம்பிகிட்ட சாவியக் குடுத்திர வேண்டியதுதான். எம்புட்டுப் பெரிய ஆளுகளைக் கூட்டிட்டு வந்து அவமானப்படுத்திட்டேன்" என்றார். பங்கஜவல்லி அம்மாள் என் பாட்டால்தானே கெட்டது என்று வருந்தினார். மிருதங்கத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த கோமதிநாயகம் மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அண்ணாச்சி, ஆள் வெளிய போகணும், அம்புட்டுத்தான?" என்றார் அவர். "நாளைக்கு இன்னொரு தடவ வைங்க. அம்மா ஒரு பாட்டுப் பாடட்டும். பொறவு நான் தனி வாசிக்கேன்."

எனக்குப் புரியவில்லை என்பதால் அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூட்டிப்போய் விளக்கினார். கச்சேரியில் பாடுகிறவர் பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கத்துக்கு மட்டும் இடம் கொடுக்கும் கட்டம் ஒன்று உண்டு. தனி ஆவர்த்தனம் என்று பெயர். வித்துவான் வருஷக்கணக்காகச் சாதகம் செய்தது எல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான். கூட்டம் காபி குடிக்க எழுந்து போவதும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான். சென்னையில் பாதிப் பேர் போவார்கள் என்றால், நம் ஊரில் முழுசாகப் போவார்கள்.

"வேண்டாம் அண்ணா" என்றார் பங்கஜவல்லி அம்மாள்.

"சும்மா இருங்கம்மா. ஊர் ஊராப் போயி எத்தன சபாவக் காலி பண்ணியிருக்கேன். ஒருத்தன் ஒரு நன்றி சொன்னதில்ல. சொந்த ஊருக்காவது அது பிரயோஜனப்படட்டும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உறையின் முடிச்சு அவருக்கு விழவே மாட்டேன் என்றது. அம்மாள் குனிந்து கட்டிவிட்டார்.

வியாழக்கிழமை. அதே கூட்டம், அதே தாசில்தார் முன் வரிசையில். இந்த முறை அண்ணாச்சி எச்சரிக்கை ஒன்றும் சொல்லவில்லை. ஐயா நடுவில் வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தார், அவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு மட்டும் வித்துவான் வரும்போது காதில், "நான் ஆரம்பிச்சதும் மணிய அடிங்க, பேருக்கு" என்று சொல்லியிருந்தார்.

அம்மாள் ஒரு கீர்த்தனையைப் பாடி நிறுத்தி, வித்துவானைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் கண்ணை மூடி, மிருதங்கத்தில் கையை வைத்தார். நான் மணிக்கயிற்றைப் பிடிக்கும் முன்பே நாற்காலிகள் கிறீச்சிட்டன.

பயிற்சி நிலையத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த அத்தனையும் கண்முன் நடந்தது. தள்ளுமுள்ளு இல்லை. பெண்கள் கிழக்குக் கதவு, வயசானவர்கள் மேற்குக் கதவு, மற்றவர்கள் பிரதான வாசல். ஒருவர் காலை ஒருவர் மிதிக்கவில்லை. வழியில் கிடந்த செருப்பைக்கூட ஓரமாக ஒதுக்கிவைத்துப் போனார்கள். தாசில்தார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பின்னால் வந்தவருக்குக் கதவைப் பிடித்துக்கொடுத்தார். வெளியே எதிரில் இருந்த காபிக் கடைக்காரர் டம்ளர்களை வரிசையாக அடுக்கித் தயாராக நின்றார். என் சேவையில் அப்படி ஒரு வெளியேற்றத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஐயாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. "முத்தையா, மணியே அடிக்கலையே வே. இவங்களுக்கு யாரு பயிற்சி குடுத்தா?"

நான் மேடையைக் காட்டினேன். அண்ணாச்சி, "வித்துவான்தான் சார். பல வருசமா" என்றார். ஓடிவந்து கைகூப்பினார். "எல்லாரும் போயாச்சி சார். வாட்ச்ச நிறுத்திருங்க."

ஐயா நிறுத்தவில்லை. "இன்னும் ஒரு ஆள் உள்ள இருக்காரு" என்றார்.

வித்துவான் வாசித்துக்கொண்டிருந்தார். கண் மூடியே இருந்தது. காலி நாற்காலிகளுக்கு அம்மாள் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி ஆள் வெளியே வரும் வரைக்கும் வாட்ச்சை நிறுத்தக் கூடாது, அதிகாரியும் வெளியே போகக் கூடாது என்பது ஐயாவின் சட்டம். ஆகவே அவர் உட்கார்ந்தே இருந்தார். நானும் நின்றேன். வெளியே காபி ஆற்றும் சத்தமும் சிரிப்பும் கேட்டன. உள்ளே அந்த மனிதர் ஒன்றையும் குறைக்காமல், சென்னையில் பெரிய சபாவில் வாசிப்பது மாதிரியே வாசித்து, மூன்று முறை முத்தாய்ப்பு வைத்து முடித்தார். நான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். சங்கீதத்துக்காக இல்லை. அத்தனை காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு.

அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே ஐயா இருந்தார்.

"எல்லாரும் போன பொறவும் ஏன் வாசிச்சிய?" என்றார் ஐயா.

"தாளம் முடியலைல்லா சார். நடுவுல எப்படி விட?"

"நெசமாத் தீப் பிடிச்சிருந்தா?"

"அப்பமும் இப்படித்தான்."

ஐயா எழுந்தார். பிறகு அண்ணாச்சியிடம், "சான்று தாரேன். ரெண்டு நிபந்தனை. ஆபத்துன்னா இங்க மணி அடிச்சுப் பிரயோஜனம் இல்ல, பாடுதவங்க பாட்ட நிறுத்தணும். ரெண்டாவது, இந்த வித்துவானைக் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வர ஒரு ஆளு போடணும்" என்றார். இரண்டையும் அப்படியே எழுதியும் கொடுத்தார். அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. வெல்வெட் திரை படிகாரத்தில் முங்கி எழுந்து விறைப்பாகத் தொங்கியது. அண்ணாச்சியின் தம்பியே வாசலில் நின்று சந்தனம் கொடுத்தார். ஐயா மேற்குக் கதவருகே, நான் பிரதான வாசலில். அம்மாள் பாடினார். பெரிய பாட்டு முடிந்து தனி வர வேண்டிய இடம் வந்தது. முன் வரிசையில் துண்டு உதறும் சத்தம் கேட்டது.

அம்மாள் மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நேத்து நீங்க எல்லாரும் எழுந்து போனதாலதான் இன்னிக்கு இந்த அரங்கம் திறந்திருக்கு. பரிசோதனை பண்ண வந்த சார் உங்களை ரொம்ப மெச்சினார். அண்ணா வாசிச்சா நீங்க எவ்வளவு அழகா வெளியே போறீங்கன்னு பார்த்துத்தான் அவர் சான்றே எழுதிக் கொடுத்தார். உங்களுக்கும் அண்ணாவுக்கும் நன்றி. இன்னிக்குத் தீ ஒண்ணும் இல்லை."

அவ்வளவுதான். தாளத்துக்குக் கையை எடுத்துக்கொண்டார்.

பாதி எழுந்திருந்த தாசில்தார் அப்படியே நின்றார். ஐயா மேற்குக் கதவில் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். தாசில்தார் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக உட்கார்ந்தார்கள்.

வித்துவான் வழக்கம்போலக் கண்ணை மூடித்தான் தொடங்கினார். கொஞ்ச நேரம் ஆயிற்று. நாற்காலி கிறீச்சிடும் சத்தம் வரவில்லை என்பது அவருக்குத் தட்டியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்தார். வலது கோடியிலிருந்து இடது கோடிவரைக்கும் பார்த்தார். கை ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை, கண்தான் நனைந்தது. பிறகு வாசித்தார் பாருங்கள், அம்மாளே ஒரு கட்டத்தில் போதும் அண்ணா என்கிற மாதிரிச் சிரித்தார். அவர் நிறுத்துவதாக இல்லை. வெளியே காபிக் கடைக்காரர் தலையை நீட்டி, "சார், பாலு சுண்டுது, இன்னும் ஒருத்தரையும் காணுமே" என்று என்னிடம் முறையிட்டார். வாயை மூடும் என்று துரத்தினேன்.

முடிந்ததும் எழுந்த சத்தத்தை நான் தீயில்கூடக் கேட்டதில்லை. கச்சேரி கலைந்த பிறகும் அவரைச் சூழ்ந்துகொண்டு விடவில்லை. தாசில்தார் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவழியாக வித்துவான் மேற்குக் கதவுக்கு வந்தார். ஐயா, பழக்கதோஷம், முதலில் புறங்கையைக் கதவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குத் திறந்துவிட்டார். அவர் வெளியே கால் வைத்ததும் வாட்ச்சை அமுக்கி, அதை அவர் முகத்துக்கு நேரே காட்டினார்.

"நேத்து எல்லாரும் வெளிய, நீங்க ஒரு ஆள் உள்ள. இன்னைக்கு உங்களால ஒருத்தனும் வெளிய வரல" என்றார். "சட்டப்படி பாத்தா இந்த அரங்கம் பரிசோதனைல தோத்துட்டு, வே. நான் இதப் பூட்டணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஞானதுரை ஐயா சிரித்தார். நான் பார்த்தேன்.

வித்துவான் மிருதங்கத்தை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். திரும்பி, விளக்கு வெளிச்சத்தில் இன்னும் போக மனமில்லாமல் நின்றுகொண்டிருந்த கூட்டத்தை ஒரு தடவை பார்த்தார்.

"பூட்டுததுன்னா, ஆள் உள்ள இருக்கும்போதே பூட்டிருங்க சார்" என்றார்.